டீஃபால்ட் போதும்னு சொல்றவங்களுக்கு

காக்களூர் சிட்கோ பேட்டையில ஒரு சின்னப் பட்டறை. தொழிலாளிகளுக்கு அன்னைக்கு எந்த ஷிஃப்ட்னு எஸ்.எம்.எஸ். போகணும், அதான் என் ப்ராஜெக்ட். சாயங்காலம் 6 மணிக்கே க்யூவுல போட்டு, விடிகாலை 4 மணிக்கு அனுப்பச் சொன்னேன். ஆளாளுக்கு ஏழெட்டு தடவை போச்சு. விளம்பரத் தொல்லைன்னு போனை அணைச்சுட்டுப் படுத்த ஒருத்தருக்கு அன்னைக்குக் கூலி போச்சு.

செலரிக்கு ரெடிஸ் ப்ரோக்கர்னா, எடுத்த வேலையை முடிச்சேன்னு வொர்க்கர் சொல்ல டீஃபால்ட் கெடு 3600 விநாடி. தாண்டினா அதே வேலை மறுபடி க்யூவுக்கு வரும். பத்து மணி நேரம் காத்திருந்தா என்னாகும்? ஆவணத்துலயே எச்சரிக்கை இருக்கு மக்களே, நாமதான் படிக்கல!

"ராபிட்எம்க்யூ போடுடா"ன்னு ஒரு கோஷ்டி. அங்கயும் கெடு உண்டு. 2021-ல வந்த 3.8.17 அதை 30 நிமிஷமா வச்சது. காத்திருக்கிற வேலைக்கு இடம் க்யூ இல்ல. டேட்டாபேஸ்ல ஒரு டேபிள், 4 மணிக்கு ஒரு க்ரான், அனுப்பினதுக்கு ஒரு டிக். அவ்ளோதான்.

கெடுவை 12 மணி நேரமாக்கினா போதாதாம். சரி, நடுவுல வொர்க்கர் செத்தா? 4 மணி சேதி 6 மணிக்கு மேல வரும். ஷிஃப்ட் பஸ் போயிருக்கும்.