புரியிடைத் தூரம்

புறநானூற்றின் 27ஆம் பாடலை நடத்தும் நாளில் வகுப்பறையில் ஒரு பெருமிதம் பரவும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய அப்பாடலில், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வான ஊர்தி வருகிறது. அங்கிருந்து சீவக சிந்தாமணியின் மயிற்பொறிக்குத் தாவுவது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். நிறைமாத விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலெழும். இடப்பக்கம் திருகினால் கீழிறங்கும். 'அந்தக் காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்திருக்கிறது' என்று யாரேனும் சொல்வார்கள். மணி அடித்துவிடும்.

சென்ற ஆண்டு அப்படி மணி அடித்த பிறகும் ஒரு மாணவன் போகாமல் நின்றான். வலக்கைச் சுட்டுவிரலில் கட்டுப் போட்டிருந்தான். பால்சா மரத்திலும் நுரைப்பலகையிலும் இரண்டரைக் கிலோ எடையில் சாகச மாதிரி விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறானாம். "ஐயா, இதுக்கு எந்த எஞ்சின், எந்த புரொப்பெல்லர் போடணும்னு தமிழில் எங்கேயாவது எழுதியிருக்காங்களா?" என்றான். இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசிய வாய் அடைத்துப்போனது. நானே படிக்கத் தொடங்கினேன்.

முதலில் எனக்குத் தெளிவானது ஒரு சொல். புரொப்பெல்லரின் மேல் 11x6 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் விட்டம், அங்குலக் கணக்கில். இரண்டாவதை 'பிட்ச்' என்கிறார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு, வழுக்கல் இல்லையெனக் கொண்டால், அது காற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே அதன் பொருள். மாணவனுக்கு அது பிடிபடவில்லை. 'திருகு அளவியில் புரியிடைத் தூரம் படித்தாயே, அதுதான் இது. திருகு மரத்தில் இறங்குவதுபோல் இது காற்றில் இறங்குகிறது' என்றேன். அவன் முகம் மலர்ந்தது. பள்ளிப் பாடநூல் தந்த அந்தச் சொல் அவனிடமே இருந்தது. அதைக் கைவேலையோடு சேர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். எஞ்சினைப் பெரிதாக்கினால் சாகசம் கூடும் என்பது இத்துறையில் புதிதாக நுழைவோரின் மயக்கம். பெரிய எஞ்சின் மூக்கைக் கனமாக்கும். அதைச் சரிக்கட்ட வாலில் எடை ஏறும். கனத்த விமானம் வேகமாகத்தான் இறங்கும். எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற புரொப்பெல்லரைத் தேர்ந்து, அதைச் சுழற்றவல்ல எஞ்சினைக் கடைசியில் தேடுவதே முறை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏறக்குறைய 7.5 சிசி கொள்ளளவுள்ள இரு வீச்சு எஞ்சின் 11x6 புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழற்றுவதாகக் கொள்வோம். ஏட்டளவில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அகன்ற வட்டங்களும் நீண்ட செங்குத்து ஏற்றங்களும் போடுவதற்கு இது பொருந்தும். அதே சுற்றில் 12x4 மாட்டினால் வேகம் 67 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் நின்ற நிலையில் இழுவிசை கூடும். விமானத்தை மூக்கு மேலாக அந்தரத்தில் நிறுத்தும் ஆட்டத்துக்கு இழுவிசை எடையை மிஞ்ச வேண்டும். அங்கே 12x4தான் துணை. எஞ்சினுக்கு இது சுமையாகாதா? புரொப்பெல்லர் கேட்கும் ஆற்றல், தோராயமாக, விட்டத்தின் நான்காம் படியாகவும் புரியிடைத் தூரத்தின் நேர்விகிதமாகவும் ஏறும். விட்டம் 11இலிருந்து 12 ஆனால் சுமை 42 விழுக்காடு கூடும். புரி 6இலிருந்து 4 ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டும் சேரும்போது பழைய சுமைக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. ஆகவே எஞ்சினை மாற்றாமலே ஆட்டத்தை மாற்றலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் 15 பாகை வெப்பத்தை வைத்துப் போடப்பட்டவை. புதுக்கோட்டையின் கோடையில், 40 பாகையில், வறண்ட கண்மாய்த் தரையில் நிற்பவனுக்குக் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைவு. எஞ்சின், இறக்கை, புரொப்பெல்லர் மூன்றும் அந்த மெலிந்த காற்றையே நம்பியிருக்கின்றன. விடியற்காலையில் பறக்கவிடுவது நல்லது.

எரிபொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். இச்சிறு எஞ்சின்கள் குடிப்பது பெரும்பாலும் மெத்தனால். அதோடு எண்ணெயும் சிறிது நைட்ரோமீத்தேனும் சேர்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதைக் கையாள உரிமம் வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சிறு பிள்ளைகள் திரியும் ஓட்டு வீட்டில் அதைக் கேனில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின் மோட்டாரையே பரிந்துரைத்தேன். சாகச விமானத்துக்குக் கிலோவுக்கு 330 வாட், அந்தரத்தில் நிறுத்த 440 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. அவனுடைய இரண்டரைக் கிலோவுக்கு 825 முதல் 1,100 வாட் வேண்டும். எஞ்சினின் இரைச்சலில் இருக்கும் கவர்ச்சி இதில் இல்லை என்று அவன் வருந்தினான். அந்த வருத்தம் நியாயமானதே.

அந்தக் கட்டுப் போட்ட விரலுக்கு வருகிறேன். 11,000 சுற்றில் 11 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி மணிக்கு 579 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது சுழலும் தளத்துக்கு நேரே நிற்காதே, பின்னால் நில். மோட்டாரைச் சோதிக்கும்போது முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடு. இரண்டே வாக்கியங்கள். பெட்டிக்குள் இருந்த தாளில் ஆங்கிலத்தில் இருந்தன; அவன் படிக்கவில்லை. தமிழில் இருந்திருந்தால் படித்திருப்பான் என்று உறுதி கூற முடியாது. ஆனால் படிக்க வாய்ப்பிருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம்.

பெ. நா. அப்புசாமி அறிவியலைத் தமிழில் எழுதியபோது அதை இலக்கியத்துக்குப் புறம்பான வேலையாகக் கருதவில்லை. நாமோ சிற்றிதழ்களில் கோட்பாடுகளுக்குக் கலைச்சொல் தேடி ஆண்டுக்கணக்கில் வாதிட்டோம். திருகுக்கும் விசிறிக்கும் உள்ள உறவை ஒரு பக்கம் எழுத யாரும் முன்வரவில்லை. மயிற்பொறியை எத்திசையில் திருக வேண்டும் என்பதைக் காப்பியத்துக்குள் வைக்கத் திருத்தக்கதேவர் கூச்சப்படவில்லை. அவரைப் பாடம் நடத்தும் நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?