பதிவேடும் பறிமுதலும்

இன்று பதிவு செய்தால் நாளை பறிமுதல் வரும் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பேசுவோர் நெடுங்காலமாக முன்வைக்கும் வாதமாகும். 1791இல் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்ந்த இரண்டாம் திருத்தத்தை அவர்கள் இதற்கு அரணாகக் கொள்வர். உரிமையின் பெயரால் எழும் குரல் என்பதற்காக அதனை ஆராயாது ஏற்றலும் தகாது; அச்சத்தில் எழும் குரல் என எள்ளி ஒதுக்கலும் தகாது.

அவ்வச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லாமலில்லை. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனுமதியின்றிச் சுடுகலன் வைத்திருத்தலைத் தடுத்தது. வெள்ளையருக்கு அத்தடை இருக்கவில்லை. இவ்வநீதி ஒருசாராருக்கு மட்டும் சட்டம் விதித்தமையாற் பிறந்ததாகும். சட்டம் எல்லார்க்கும் ஒன்றாதலே இதற்கு மருந்து. சட்டத்தையே ஒழித்தல் மருந்தாகாது.

பதிவினாற் பறிமுதல் நேரும் என்போர் 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தை ஏனோ மறந்துவிடுகின்றனர். இயந்திரத் துப்பாக்கிகளை மத்திய அரசிடம் பதிய வேண்டுமென அது விதித்தது. 1986இல் புதியனவற்றைக் குடிமக்கள் பெறுதல் தடுக்கப்பட்டபோதும், முன்னர் முறைப்படி பதிந்தவை உரியவர் கையிலேயே விடப்பட்டன. பதிவேடே அவர்தம் உடைமைக்குச் சான்றாயிற்று. அதே 1986ஆம் ஆண்டுச் சட்டம், ஏனைய துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு பதிவேடு அமைத்தலைத் தடைசெய்தது. விளைவு யாது? கொலைக்களத்திற் கிடைத்த துப்பாக்கி எவருடையதென அறிய, மேற்கு வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பேர்க்கிலுள்ள நிலையத்தார் உற்பத்தியாளரிடமும் விற்பனையாளரிடமும் ஒவ்வொருவராக வினவுகின்றனர். மூடப்பட்ட கடைகளின் ஏடுகளைப் பெயர்கொண்டு தேடவியலாத படிமங்களாக வைத்துப் புரட்டுகின்றனர். முதலில் வாங்கியவரிடமிருந்து அது கைமாறியிருப்பின், தடம் பெரும்பாலும் அங்கேயே அற்றுப்போகின்றது.

பதிவில்லாமை பறிமுதலைத் தடுக்குமா? இதற்கு நியூசிலாந்து விடை பகர்கின்றது. ஆளுக்கு அனுமதி வழங்கினாற் போதும், சாதாரண நீள்துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டுவதில்லை என்ற முறையை அந்நாடு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கைக்கொண்டது. மீண்டும் பதியுமாறு 1997இல் தோர்ப் அறிக்கை கூறியது, அரசு செவிசாய்க்கவில்லை. 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 உயிர்களைப் பறித்தவன் அனுமதி பெற்றவனே. பதிவேடு அவனைத் தடுத்திருக்கும் என நாம் சாதிக்கவில்லை. ஆயின் அவன் சேர்த்த துப்பாக்கிகளைத் தொகுத்துக் காட்டும் ஏடொன்று அரசிடம் இருக்கவில்லை. படுகொலையின் பின், அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுட் பெரும்பாலானவை சில வாரங்களுள் தடைசெய்யப்பட்டு, இழப்பீட்டுடன் மீளப்பெறப்பட்டன. புதிய பதிவேடு தொடங்கியதோ 2023இலாகும். ஏடு பிறக்குமுன்னரே தடை பிறந்துவிட்டது! பதிவை எதிர்த்தமையால் எவருடைய துப்பாக்கியும் காக்கப்படவில்லை.

காணிக்கு உறுதியும் வாகனத்துக்கு இலக்கமும் நம் உரிமையைக் குறைத்தனவா? உயிர் போக்கவல்ல கருவிக்கு மாத்திரம் பெயரின்மையை உரிமையென்பது எங்ஙனம் பொருந்தும்? பதிவேட்டைக் கையாளும் அரசை நீதிமன்றமும் மக்களும் விழிப்புடன் கண்காணிக்கட்டும், அது வேண்டுவதே. ஆனால் துப்பாக்கி என்னுடையது என உரிமை கோருபவன், அதனையே ஏட்டிலும் எழுதிக் கையொப்பமிட அஞ்சுவானாயின், அவன் வேண்டுவது உரிமையன்று, பொறுப்பிலிருந்து விடுதலையே.