உரைக்கோப்பின் விவேகம்

துகள்களை மோதவிட்டு ஆராயும் பௌதிக விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளைப் பிறர் கையில் ஒப்படைப்பதற்கென்று வைத்திருக்கும் யோடா என்னும் கோப்புமுறை, பார்வைக்கு வெறும் உரைக்கோப்பாகத் தோன்றினாலும், அதன் அமைப்பிலுள்ள விவேகம் பாராட்டத்தக்கது. ஹிஸ்டோகிராமின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி. கட்டங்களின் எல்லைகளும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியும் தன் கட்டத்தில் விழுந்த நிகழ்ச்சிகளுடைய எடைகளின் கூட்டுத்தொகையோடு நில்லாமல், எடைகளின் வர்க்கங்களைக் கூட்டிய தொகையையும் தனியே தாங்கி நிற்கிறது. பிழையின் அளவை நிர்ணயிப்பதற்கும், தனித்தனியே ஓடிய இரண்டு கணக்குகளைப் பிசகின்றி ஒன்றுகூட்டுவதற்கும் ஆதாரம் அதுதான். எல்லைக்குக் கீழேயும் மேலேயும் சிதறிப்போன நிகழ்ச்சிகளுக்குங்கூட வரிகள் உண்டு. (உயரத்தை மாத்திரம் எழுதிவிட்டு, எல்லைகளை வாசிப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும் கோப்புகளோடு மல்லாடியவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.) செர்ன் ஆய்வுகூடத்தில் பிறந்த ரூட் மென்பொருளின் இருமக் கோப்பு இடத்தைச் சிக்கனப்படுத்துகிறது, வேகமும் அதற்கு அதிகம் என்பது உண்மையே, ஆயினும் அதைத் திறக்க அந்த மென்பொருளோ அதன் அமைப்பை அறிந்த வேறொன்றோ வேண்டியிருக்க, இதைச் சாதாரண நோட்பேடே திறந்துவிடும். ஆகையால், தங்கள் அளவைகளைப் பிரசுரிப்போர் படத்தோடு நின்றுவிடாமல், இத்தகைய உரைக்கோப்பு ஒன்றையும் உடன் சேர்த்து வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.