மூச்சு விடும் விளக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. நான்கு லேத். ஒவ்வொன்றின் மோட்டார் வயரிலும் ஒரு கரண்ட் கிளாம்ப், பக்கத்தில் ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு. பட்டறை மூலையில் இருந்த சின்னக் கணினிதான் செய்திகளை வாங்கிக் கைமாற்றும் எம்.க்யூ.டி.டி. புரோக்கர். அலுவலக அறைச் சுவரில், பட்டறையின் வரைபடத்தின் மேல் லேத்துக்கு ஒன்றாக நான்கு எல்.ஈ.டி. விளக்குகள். டிஜிட்டல் ட்வின் என்றால் என்ன என்பதை முதலாளிக்குக் கண்ணால் காட்ட நாங்கள் செய்த செயல்விளக்கம் இது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கரண்ட் போனது. பட்டறை முழுக்க இருண்டது. அலுவலகம் இன்வெர்ட்டரில் ஓடியது. சூப்பர்வைசர் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். “சார், லேத்து நின்னு கால் மணி நேரம் ஆச்சு. இதுல இன்னும் பச்சைதான் எரியுது” என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் இந்த இதழின் ஆசிரியர் உரைக்குக் காரணம்.

நடந்தது எளிமையானது. டபிள்யூ.எஸ்.2812பி வகை எல்.ஈ.டி., கடைசியாகக் கிடைத்த நிறத்தைத் தனக்கு மின்சாரம் இருக்கும்வரை பிடித்துவைத்துக்கொள்ளும். புதுச் செய்தி வராவிட்டால் பழைய பச்சையே தொடரும். போர்டு உறைந்துபோனாலும் அப்படியே. எம்.க்யூ.டி.டி.யில் இதற்கு ‘லாஸ்ட் வில்’, அதாவது உயில், என்ற ஏற்பாடு உண்டு: தொடர்பு அறுந்த கருவியின் சார்பில், அது முன்பே எழுதிக்கொடுத்த செய்தியைப் புரோக்கர் அறிவிக்கும். ஆனால் உயிலைப் படிக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே. அன்று புரோக்கரும் அதே கரண்ட் கட்டில் அணைந்துவிட்டது. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க வகுத்த நெறிமுறைதான் எம்.க்யூ.டி.டி. அறுந்து அறுந்து வரும் தொடர்பை மனதில் வைத்தே செய்தார்கள். அதைச் சரியாகப் பயன்படுத்தாத பிழை எங்களுடையது.

இப்போது விளக்கின் நிரலை மாற்றியிருக்கிறோம். விளக்கு நிலையாக எரியாது. மெல்ல ஏறி இறங்கும், மூச்சு விடுவதுபோல. இந்த ஏற்ற இறக்கத்தைப் போர்டு தானாக ஓட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பொய்தான். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் விளக்குக்கு ஐந்து நொடி மூச்சு தரும். செய்தி நின்றால் ஐந்தாம் நொடியில் வெள்ளை. போர்டே உறைந்தால் அசைவு நின்றுவிடும். அசையாத பச்சையை நம்பாதே என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. வாட்ச்டாக் டைமர் போர்டைத் திரும்ப எழுப்பும்போது நிரல் செய்யும் முதல் வேலை வெள்ளையை எழுதுவது. புரோக்கர் ‘ரீடெய்ன்’ செய்து சேமித்து வைத்த பழைய செய்தியை, அதிலுள்ள நேரத்தைப் பார்க்காமல் நம்புவதில்லை.

ஏன் வெள்ளை? இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான ஐ.ஈ.சி. 60204-1 தரத்தில் சிவப்பு ஆபத்துக்கு, மஞ்சள் இயல்பு பிறழ்ந்த நிலைக்கு, பச்சை இயல்பு நிலைக்கு, நீலம் ஆள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைக்கு. இந்த நான்கில் எதைப் போடுவது என்ற ஐயம் வந்தால் வெள்ளை. ‘தெரியவில்லை’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிறம் கிடைக்காது. பார்வையாளரைக் கவர ஊதாவும் இளஞ்சிவப்பும் ஓடவிடும் பலகைகளைக் கண்காட்சிகளில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அந்த நிறங்களுக்குப் பட்டறையில் பொருளே இல்லை.

சென்சாரிலும் இதே நேர்மை வேண்டும். மூன்று எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழு லோடில் எடுப்பது ஐந்து ஆம்பியருக்குள்தான். அதில் 100 ஆம்பியர் கிளாம்ப் மாட்டினால் கிடைக்கும் சிக்னல் இரைச்சலோடு கலந்துவிடும். பக்கத்தில் வெல்டிங் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஈ.எஸ்.பி.32-இல் வைஃபை ஓடும்போது ஏ.டி.சி.2 பின்கள் அனலாக் அளவுக்குப் பயன்படாது என்பதையும் பலர் போர்டை சால்டர் செய்த பிறகே கண்டுபிடிக்கிறார்கள். இதைவிட முக்கியம்: இன்டக்‌ஷன் மோட்டார் சும்மா சுற்றும்போதே கணிசமான காந்தமாக்கும் கரண்டை எடுக்கிறது. எனவே சும்மா சுற்றும் லேத்தையும் லேசான வெட்டு போடும் லேத்தையும் ஆம்பியரை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வோல்டேஜும் சேர்த்து வாட் அளந்தால் பிரிக்கலாம். கிளாம்ப் மட்டும் இருந்தால் விளக்கின் கீழ் ‘மோட்டார் சுற்றுகிறது’ என்று எழுதுங்கள். ‘உற்பத்தி நடக்கிறது’ என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

இதை ட்வின் என்று அழைக்கலாமா? கிரிட்சிங்கர் என்ற ஆய்வாளரின் குழு 2018-இல் தந்த பகுப்பின்படி, தரவு இயந்திரத்திலிருந்து கணினிக்கு மட்டும் தானாகப் போனால் அது டிஜிட்டல் நிழல். திரும்பியும் தானாக வந்தால்தான் ட்வின். அந்தக் கணக்கில் எங்கள் பலகை நிழல்தான்; அதன் பெயரையும் அப்படியே மாற்றிவிட்டோம். திரும்பும் பாதையாக லேத்தின் பக்கத்திலேயே ஒரு விளக்கு வைக்கும் வேலை நடக்கிறது: டூல் மாற்றும் கணக்கு நெருங்கினால் அது நீலமாகும், ஆள் மாற்றிவிட்டு பட்டனை அழுத்தினால் கணக்கு பூஜ்யமாகும். அதற்கு மேல், மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டர் வரை வைஃபையைக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். எமர்ஜென்சி ஸ்டாப் வயரிலேயே இருக்கட்டும்.

தமிழ்நாடு அரசின் டிட்கோ அமைத்த டான்சாம், டான்காம் மையங்களில் சீமென்ஸ், டசோ நிறுவனங்களின் பெரிய மென்பொருள்களைக் கற்க இன்று வழி இருக்கிறது. கற்க வேண்டும். ஆனால் 1960-களில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி, திருமுடிவாக்கம் பக்கத்துப் பட்டறைகளிலும் பி.எல்.சி.யே இல்லாத பழைய லேத்துகள் நிறைய ஓடுகின்றன. அங்குள்ள முதலாளி முதலில் சந்திக்கப்போவது ரிச்சி தெருவில் வாங்கிய போர்டும் நான்கு விளக்கும்தான். அவை ஒருமுறை பொய் சொன்னால் அடுத்த பத்து வருடத்துக்கு அவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

அதனால் பலகையைக் காட்டும்போது முதலில் புரோக்கரின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டுகிறோம். எத்தனை நொடியில் எல்லா விளக்கும் வெள்ளையாகிறது என்று முதலாளியே தன் கடிகாரத்தில் பார்க்கட்டும். அந்த எண்ணைப் பலகையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம்: 5.