கதை கேட்கும் வைத்தியர்

கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட, எமது மருத்துவ மாணவர்கள் சூமில் படித்தார்கள். நோயைப் பற்றிய பாடம் திரையில் வந்தது; நோயாளியின் கதை வரவில்லை.

2020 ஏப்ரலில், கொரோனாவால் மரணித்தோரை எரிப்பது இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட 2021 மார்ச் வரை காத்திருந்தோம். அந்த மாதங்களில் குடும்பங்கள் பட்ட வேதனை எந்தப் பாடநூலிலும் இல்லை. வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத மகளின் கதையை வகுப்பில் கேட்ட மாணவி, நாளை வைத்தியராகி மரணச் செய்தி சொல்லும்போது, அக்குடும்பத்தோடு சற்று உட்கார்ந்து பேசுவாள்.

மருத்துவபீடங்கள் அக்குடும்பங்களை அழைத்துக் கேட்கட்டும். வைத்தியராகும் கனவோடு உயிரியல் படிக்கும் தோழியரே, மறக்குமுன் நாமும் அவற்றைக் கேட்டு எழுதி வைப்போம்.