வழுக்காத தரையைக் கேட்போம்

தோழர்களே, பச்சிலைப்பள்ளித் தென்னந்தோட்டப் பட்டறைகளுக்குக் கண்ணாடிபோல் மினுக்கிய சீமெந்துத் தரை வேண்டாம் என்கிறோம். எண்ணெய் சிந்தினால் அதில் வழுக்கி விழுவது மூட்டை சுமக்கும் தொழிலாளிதான். பெயின்ற் பூசினாலோ உரியும். திரும்பத் திரும்பப் பூசவேண்டும்.

கொங்கிறீற்றின் மேலே நிற்கும் தண்ணீர் வற்றியதும், இறுகுமுன், ஈர்க்கு விளக்குமாற்றை வாய்க்கால் பக்கமாக ஒரே சீராக இழுத்துவிட்டால் போதும். கால் பிடிக்கும்; கழுவுநீரும் வடியும். பிறகு 7 நாட்கள் ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவதே பராமரிப்பு. செலவு அதிகம் என்று நிர்வாகம் சொல்லமுடியாது.

தரைகள் உறுதியாகவும் நன்கு பேணப்பட்டும் இருக்கவேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். மேசன் வரமுன்னரே கேட்போம். விழுந்தபின் வாங்கும் நட்டஈடு முறிந்த இடுப்பை நிமிர்த்தாது.