துணிவுக்கும் ஒரு பள்ளி

மண்ணில் நடக்கப் பிறந்த மனிதன் விண்ணில் பறக்க விழைந்த வரலாறு மிக நீண்டது. அவ்விழைவு நிறைவேறிய பின்னரும் அவன் மனம் அமைதி கொள்ளவில்லை. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் கதவைத் திறந்து, தானே விரும்பிக் கீழே குதிக்கும் விளையாட்டையும் கண்டுபிடித்தான். பாராசூட் எனப்படும் வான்குடையை முதுகில் சுமந்து குதிக்கும் இவ்விளையாட்டை 'ஸ்கைடைவிங்' என்று உலகம் அழைக்கிறது. வான்குதிப்பு என நாம் தமிழில் வழங்கலாம்.

இவ்விளையாட்டைப் பற்றிக் கேட்டவுடன் நம்மிடையே இருவகைக் கருத்துகள் எழுகின்றன. "உயிரோடு விளையாடும் வீண்வேலை" என்று பெரியோர் ஒதுக்குகின்றனர். "அச்சம் என்பதையே அறியாதவர்கள்" என்று இளைஞர்கள் வியக்கின்றனர். இவ்விரு கருத்துகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது என் துணிபு. இருசாராருமே வான்குதிப்பை அச்சமின்மையின் செயலாகக் கருதுகின்றனர். அதனைப் புதிதாகக் கற்க வரும் ஒருவருக்கு என்னென்ன கற்பிக்கப்படுகின்றன என்று நோக்குவோமாயின், அச்சத்தை அறிவாக மாற்றிக்கொள்ளும் பயிற்சியே அங்கு நடைபெறுகிறது என்பது புலனாகும். அப்பயிற்சியில் நம் கல்விக்கூடங்கள் கற்றுக்கொள்ளத் தக்கதும் உண்டு.

முன்னோர் பெற்ற படிப்பினை

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த பேரறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளைப் போர்த்துச் சிறகுகளைப் பூட்டிக்கொண்டு பறக்க முயன்றார் என்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதுகிறார். சிறிது தொலைவு பறந்த அவர், இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தன் வாலின் துணைகொண்டு தரையிறங்குகிறது என்பதை எண்ணாது, வால் அமைக்காமல் விட்டதே காரணம் என்பது அவ்வாசிரியர் தரும் விளக்கம். பறப்பதைப் பற்றி அவ்வளவு சிந்தித்த அறிஞருக்கும் இறங்குவதைப் பற்றிய பாடம் விடுபட்டுப்போயிற்று!

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பாரிஸ் நகரின் மோன்சோ பூங்காவில், ஆந்த்ரே ழாக் கார்னரின் என்பார் பலூனில் ஏறி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் தம்மைப் பிணைத்திருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, பட்டுத்துணியாலான குடையில் இறங்கினார். அக்குடை ஊசல்போல் ஆடி அவரை அலைக்கழித்தது. உள்ளே சேரும் காற்று வெளியேற உச்சியில் துளை இல்லாமையே அதற்குக் காரணம். அக்குறை பின்னர்க் களையப்பட்டது.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நிகழ்ந்ததோ வேறு. தையற்கலைஞரான ஃபிரான்ஸ் ரைகெல்ட், தாமே தைத்த வான்குடைச் சட்டையை அணிந்து, பாரிஸ் ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். உயரம் 57 மீட்டர். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகக் கூறியே அவர் அனுமதி பெற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தும் கேளாமல் தாமே குதித்து உயிர் துறந்தார்.

ஏழாண்டுகள் கழித்து, 1919 ஏப்ரல் 28 அன்று, அமெரிக்காவின் டேட்டன் நகரை அடுத்த மெக்குக் விமானத் தளத்தில் லெஸ்லி இர்வின் என்னும் இளைஞர் விமானத்திலிருந்து குதித்து, சற்று நேரம் வெறுமனே வீழ்ந்து, பின்னர்த் தம் கையாலேயே கயிற்றை இழுத்துக் குடையை விரித்தார். அவ்வாறு வீழும் மனிதன் நினைவிழந்துவிடுவான் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது. தரையிறங்கியபோது இர்வினின் கணுக்கால் முறிந்தது. ஆயினும் உயிருக்கு ஊறு நேரவில்லை.

ரைகெல்டுக்கும் இர்வினுக்கும் துணிவில் வேறுபாடு இருந்ததாகக் கூற இயலாது. சோதித்துப் பார்த்த கருவியோடு ஒருவர் குதித்தார். சோதனையில் தேறாத கருவியோடு மற்றவர் குதித்தார். துணிவு ஒன்றே போதும் என்று மேடைதோறும் முழங்குவோர் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் வேண்டும்.

தரையில் தொடங்கும் பாடம்

இன்று இக்கலையைப் பயில விரும்புவோர்க்கு மூன்று வழிகள் உள்ளன. ஆசிரியரின் உடலோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு இருவராகக் குதிப்பது ஒன்று. விமானத்தோடு கட்டிய பட்டை, குதித்தவுடன் தானே குடையை விரிக்கும் பழைய முறை மற்றொன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாகிப் பிற நாடுகளிலும் பரவிய விரைவுப் பயிற்சி மூன்றாவது. இம்மூன்றாம் முறையில் மாணவர் முதல் தடவையே தம் குடையைத் தாமே சுமந்து, தாமே விரிக்கிறார். இரு ஆசிரியர்கள் இருபுறமும் பற்றிக்கொண்டு உடன் வீழ்கின்றனர்.

ஆனால் அம்முதற் குதிப்புக்கு முன் பல மணி நேரம் தரையிலேயே கழிகிறது. தரையில் குப்புறப் படுத்து, இடுப்பை முன்தள்ளி, கைகால்களை விரித்து, உடலை வில்லாக வளைக்கப் பழகுகின்றனர். அவ்வளைவே வீழும் உடலை நிலைகுலையாமல் காப்பது. விமானத்தின் மாதிரிக் கதவருகே நின்று வெளியேறும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் வீழும்போது கையிலுள்ள உயரமானியைப் படிப்பதும், குடையை விரிக்கும் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பதும் மாணவரின் கடமைகள். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் வந்தவுடன் எதற்கும் காத்திராது குடையை விரித்தாக வேண்டும். ஒரு நிமிடமும் நீடியாத அவ்வீழ்ச்சியில் புதிதாகச் சிந்திக்க நேரமில்லை. ஆதலின் சிந்திக்க வேண்டியவற்றையெல்லாம் முன்னரே தரையில் சிந்தித்து, உடம்புக்குப் பழக்கிவிடுகின்றனர்.

தோல்விக்கும் பாடம் உண்டு

என்னைப் பெரிதும் கவர்ந்த பகுதி இதன்பின் வருவது. குடை விரியாவிட்டால் என்ன செய்வது என்பதை, மாணவர் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே ஆசிரியர் கற்பிக்கிறார். முதுகுப் பையில் இரு குடைகள் உள்ளன: ஒன்று முதன்மைக் குடை, மற்றது காப்புக் குடை. முதன்மைக் குடை விரிந்ததும் மாணவர் தலைநிமிர்ந்து பார்த்து மூன்று வினாக்களை எழுப்புகிறார். குடை விரிந்ததா? அதன் வடிவம் சரியாக உள்ளதா? இழுத்த பக்கம் திரும்புகிறதா? விடை 'இல்லை' என்றால், ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்துக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். வலப்புறக் கைப்பிடியை இழுத்தால் பழுதான குடை கழன்று போகும். இடப்புறக் கைப்பிடியை இழுத்தால் காப்புக் குடை விரியும். கயிற்றில் தொங்கவிட்டு, இதனை மறவாத அளவுக்குப் பயிற்றுகின்றனர்.

அக்காப்புக் குடையை யார் வேண்டுமானாலும் மடித்து வைத்துவிட முடியாது. உரிமம் பெற்ற வல்லுநரே மடிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாட்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். மாணவர் நினைவிழந்தோ திகைத்தோ கையைப் பயன்படுத்தாது போனால், உயரத்தையும் வேகத்தையும் அளந்து காப்புக் குடையைத் தானே விரிக்கும் நுண்கருவியும் பையில் உண்டு. ஜெர்மனி நாட்டில் உருவான 'சைப்ரஸ்' என்னும் அத்தகைய மின்னணுக் கருவி 1991இல் வெளிவந்து பலரைக் காத்துள்ளது.

இங்கே நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் வகுப்பறைகளில் வெற்றி பெறும் வழியைக் கற்பிக்கிறோம்; முதற்குடை விரியாத நாளில் என்ன செய்வது என்று எந்தப் பாடவேளையில் கற்பிக்கிறோம்? தேர்வில் தவறிய மாணவனும், எண்ணிய படிப்பு கிட்டாத மாணவியும், இனி வழியே இல்லை என்று கலங்கி நிற்பதைக் காணாத ஆசிரியர் உண்டோ? அவர்களுக்கு அறிவு குறைவில்லை. காப்புக் குடை ஒன்று முதுகிலேயே இருக்கிறது என்பதையும், அதன் கைப்பிடி எப்பக்கம் உள்ளது என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தோல்வியைப் பற்றிப் பேசினால் மனம் தளரும் என்று நாம் மறைக்கிறோம். வான்குதிப்பு ஆசிரியரோ அதனைப் பேசியே மனத்தை உறுதியாக்குகிறார்.

காத்திருக்கும் கலை

காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டரைக் கடந்தால் மாணவர் குதித்தல் கூடாது என்பது அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதி. பணம் கட்டியாயிற்று, உடை அணிந்தாயிற்று என்பன ஏற்கப்படும் காரணங்கள் அல்ல. நாள் முழுவதும் வானத்தைப் பார்த்திருந்துவிட்டு வீடு திரும்புவோரும் உண்டு. இறங்கும்போது காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும். தரையை நெருங்கிய கணத்தில் இரு பிடிகளையும் ஒருசேர இழுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். வேகம் தணியாவிடில் பாதங்களையும் முழங்கால்களையும் சேர்த்து வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்னும் வரிசையில் உருண்டு விழ வேண்டும். விழுவதற்கும் ஒரு முறை உண்டு!

இவ்வாறு படிப்படியாகத் தேறி, குறைந்தது 25 தடவை குதித்த பின்னரே அங்கு முதல்நிலை உரிமம் கிடைக்கிறது. இக்கட்டுப்பாடுகளின் பயன் என்ன? 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் உயிரிழந்தோர் பதின்மர் என அச்சங்கம் தெரிவித்தது. பதின்மர் என்பதும் பத்துக் குடும்பங்களின் துயரமே. அதனைச் சிறிதென்று கூற மாட்டேன். ஆயினும் உயிரிழப்போருள் பலர் புதியவர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. நன்கு விரிந்த குடையின்கீழ், தரைக்கு மிக அருகில் வேகமாகத் திரும்ப முயன்று மாண்ட அனுபவசாலிகள் பலர். அச்சம் இருந்தவரை விதி இருந்தது. அச்சம் தேய்ந்தபோது விதியும் தேய்ந்தது.

அச்சம் பகையன்று

2012 அக்டோபர் 14 அன்று ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உலகை வியக்கவைத்த ஆஸ்திரிய வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், அழுத்த உடையின் அடைப்பைத் தாங்க மாட்டாது ஒரு கட்டத்தில் பயிற்சியை விட்டே வெளியேறினார். பின்னர் உளவியலாளரின் துணையோடு அவ்வச்சத்தைப் பழக்கி மீண்டும் வந்தார். அவர் குதித்த நாளில் தரையிலிருந்து வானொலி வழியே ஒவ்வொரு படியாகச் சொல்லி வழிநடத்தியவர் ஜோசப் கிட்டிங்கர். 1960இலேயே 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த அம்முதியவருக்கு அப்போது 84 வயது. இளமையின் துணிவுக்கு முதுமையின் குரல் துணைநின்ற காட்சி அது. பாம்கார்ட்னர் 2025இல் இத்தாலியில், பாராகிளைடிங் என்னும் மற்றொரு வான்விளையாட்டில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். பயிற்சி இடரைக் குறைக்கும். அறவே நீக்காது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நமக்கு எதற்கு?

"பெரும்பொருள் செலவாகும் இவ்விளையாட்டு நம்மவர்க்கு எதற்கு?" என்று கேட்போர் உளர். நியாயமான வினாவே. எல்லோரும் வானிலிருந்து குதியுங்கள் என்று நான் கூறவில்லை. தலைக்கவசமின்றி இருசக்கர வாகனத்தில் பறக்கும் இளைஞனும், நீந்தத் தெரியாமல் ஆழ்கிணற்றில் குதிக்கும் சிறுவனும் நம்மிடையே உள்ளனர். துணிவை வெளிப்படுத்த விரும்பும் பருவம் அது. 'செய்யாதே' என்னும் ஒரு சொல்லால் அதனை அடக்கிவிட இயலாது. அதற்கு ஓர் ஆசிரியரும், ஒரு விதிமுறையும், ஒரு காப்புக் குடையும் தருவதே பெரியோர் கடன். நீச்சல், முதலுதவி, மலையேற்றம் ஆகியவற்றை முறையாகக் கற்பித்தாலே போதும். வாய்ப்புள்ளோர்க்கு மேலும் வழியுண்டு. ஆக்ராவில் உள்ள வான்குடைப் பயிற்சிப் பள்ளியில் தேசிய மாணவர் படையைச் சேர்ந்த மாணவர்களும் மாணவியரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அடிப்படைப் பயிற்சி பெற்று வந்துள்ளனர். இந்தியப் பெண்களுள் இத்துறையின் முன்னோடியான ரேச்சல் தாமஸ் 1979இல் முதன்முதலாகக் குதித்து, 2002இல் வடதுருவத்திலும் குதித்தார்.

நிறைவாக ஒருவரை நினைவுகூர்தல் கடமையாகும். 1941இல் வான்குடையில் குதித்த முதல் இந்தியர்களுள் ஒருவர் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்னும் மருத்துவர். கொரியப் போரில் இந்திய மருத்துவப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிச் சென்ற அவர், 1951 மார்ச் மாதத்தில் முன்சான் பகுதியில் அமெரிக்க வீரர்களோடு வானிலிருந்து குதித்துக் காயமுற்றோர்க்குச் சிகிச்சை அளித்தார். மகாவீர் சக்ரா விருதும் பெற்றார். முறையாகப் பயின்ற துணிவு எத்தகைய பயனை விளைவிக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மாணவச் செல்வங்களே! உங்கள் அச்சத்தைக் கண்டு நாணாதீர்கள். அதனை ஓர் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். பெரியோர்களே! இளையோரின் துணிவைக் கண்டு அஞ்சாதீர்கள். அதற்கு ஒரு பள்ளி அமைத்துக் கொடுங்கள்.